நேர்மாறு திரிகோணகணிதச் சார்புகளைப் பிரதியீட்டால் தொகையிடுவது எப்படி

ஹட்டனில் உயர்தர இணைந்த கணித மாணவருக்கு மாலை வகுப்பு எடுக்கும்போது, தாஞ்சன்⁻¹ (நேர்மாறு தாஞ்சன்) என்ற குறியைக் கண்டதுமே பலர் பகுதிகளாகத் தொகையிடத் தொடங்கிவிடுவதைப் பார்க்கிறேன். அதற்கு முன் ஒன்றைத் தேட வேண்டும்: அந்தச் சார்பின் பெறுதி (அதை வகையிட்டால் கிடைப்பது) அதனோடு பெருக்கமாக நிற்கிறதா என்பதே அது. மாறியை ய என்று கொண்டால், சைன்⁻¹ ய-இன் பெறுதி 1/√(1 − ய²), தாஞ்சன்⁻¹ ய-இன் பெறுதி 1/(1 + ய²). இவ்விரண்டும் மனத்தில் இருந்தால் போதும். கோசைன்⁻¹ ய-இன் பெறுதி, சைன்⁻¹ ய-இன் பெறுதிக்கு மறைக்குறி இட்டதுதான்.

(தாஞ்சன்⁻¹ ய)²/(1 + ய²) என்பதை 0 முதல் 1 வரை தொகையிட வேண்டுமெனக் கொள்வோம். உ = தாஞ்சன்⁻¹ ய எனப் பிரதியிட்டால், 1/(1 + ய²) என்ற காரணியும் ய-இன் வகையீடும் சேர்ந்து உ-வின் வகையீடாகிவிடுவதால், தொகையிட எஞ்சுவது உ² மட்டுமே. எல்லைகளையும் உடனே மாற்றுங்கள்: ய = 0 எனின் உ = 0; ய = 1 எனின் உ = பை/4. விடை (பை/4)³/3, அதாவது பை³/192. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் பழைய எல்லைகளையே இடுபவரும், பை/4 என்பதற்குப் பதிலாக 45 என்று எழுதுபவரும் எல்லா வகுப்பிலும் உண்டு. மேற்சொன்ன பெறுதிகள் கோணத்தைப் பாகையில் அல்லாமல் ஆரையனில் அளந்தால் மட்டுமே பொருந்தும்.

சில வினாக்களில் பெறுதி சற்று மறைந்திருக்கும். ய² தாஞ்சன்⁻¹(ய³)/(1 + ய⁶) என்பதில் ய⁶ என்பதை (ய³)² என்று கண்டுகொண்டால் வழி திறந்துவிடும். உ = தாஞ்சன்⁻¹(ய³) என்பதன் பெறுதி 3ய²/(1 + ய⁶) ஆகையால், 1/3 என்ற காரணியை வெளியே எடுத்து, உ²/6 + மாறிலி என்ற விடையைப் பெற்று, உ-வை மீண்டும் ய-இல் எழுத வேண்டும்.

பெறுதியே இல்லாமல் சைன்⁻¹ ய மட்டும் தனித்து நின்றால் என்ன செய்வது? அப்போதும் உ = சைன்⁻¹ ய என்றே கொள்ளலாம்; ஆனால் ய = சைன் உ எனத் திருப்பி எழுதி வகையிட வேண்டும். தொகையிட வேண்டியது உ கோசைன் உ ஆகிவிடும். பகுதிகளாகத் தொகையிடல் உண்மையில் தேவைப்படுவது இங்கேதான். அது உ சைன் உ + கோசைன் உ என்பதைத் தரும். ய-க்குத் திரும்பும்போது கோசைன் உ = √(1 − ய²) என நேர்க்குறியுடன் எழுதுவதற்குக் காரணம், உ-வின் பெறுமானம் −பை/2 இற்கும் பை/2 இற்கும் இடையில் இருப்பதே; இந்த ஒரு வரியை விடைத்தாளில் எழுதத் தவறாதீர்கள். ஆகவே விடை ய சைன்⁻¹ ய + √(1 − ய²) + மாறிலி. ஐயமிருந்தால் அதை வகையிட்டுப் பாருங்கள்: ய/√(1 − ய²) என்ற உறுப்பு ஒருமுறை நேராகவும் ஒருமுறை மறையாகவும் வந்து நீங்கிவிட, சைன்⁻¹ ய மட்டும் மிஞ்சும்.