சின்ன நிரல்மொழியில் டெஸ்க்டாப் ஆப் எழுத ஆள் வர வேண்டுமா?

நீங்கள் உருவாக்கும், அதிகம் பேர் அறியாத ஒரு நிரல்மொழியை நம்பி ஒருவர் ஆப் எழுத வந்தால், முதல் அரை மணி நேரத்துக்குள் ஒரு விண்டோவும், அழுத்தினால் வேலை செய்யும் ஒரு பட்டனும் அவருக்குக் கிடைத்துவிட வேண்டும். பிறகு அந்த ஆப், மொழியை நிறுவாத வேறொரு கணினியிலும் ஓட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் வந்தவர் தங்கமாட்டார்.

விண்டோ, பட்டன் போன்றவற்றைத் தரும் டூல்கிட்டைச் சொந்தமாக எழுத இறங்காதீர்கள். பட்டன் வரைவது எளிது. எழுத்துப் பெட்டிதான் ஆளை விழுங்கும். ‘கொ’ என்று தட்டிப் பாருங்கள். நினைவகத்தில் இருப்பவை ககரமும் ஒரு உயிர்க்குறியும் மட்டுமே. திரையிலோ கொம்பு முன்னால், கால் பின்னால். இதை அடுக்க ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துருக்களைச் சரியாகக் கோக்கும் லைப்ரரி வேண்டும், கர்சர் எழுத்தின் நடுவில் மாட்டக்கூடாது, பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கும் விஷயம் போய்ச் சேர வேண்டும்.

பெரும்பாலான சின்ன மொழிகளுக்கு ஜிடிகே (GTK) என்ற டூல்கிட்தான் நல்ல தொடக்கம். அது சி மொழியில் எழுதப்பட்டது. ஒவ்வொரு ஃபங்ஷனின் வகைகளையும், திருப்பித் தரும் நினைவகம் யாருக்குச் சொந்தம் என்பதையும் ஜிஐஆர் என்ற எக்ஸ்எம்எல் கோப்புகள் சொல்லிவிடும். அவற்றைப் படித்து, உங்கள் மொழியிலிருந்து அந்த ஃபங்ஷன்களை அழைக்க உதவும் பைண்டிங்கை உருவாக்க ஒரு ஜெனரேட்டர் எழுதினால் போதும். க்யூட்டி (Qt) என்ற இன்னொரு டூல்கிட் சி++ என்பதால் நடுவில் சி அடுக்கு ஒன்று கட்ட வேண்டியிருக்கும். டியர் இம்ஜியூஐ (Dear ImGui) என்ற சிறிய டூல்கிட் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ஆனால் ஸ்கிரீன் ரீடர் ஆதரவு இல்லாததால் பொதுமக்களுக்கான ஆப்புக்கு வேண்டாம்.

அதிகம் அடிபடும் இடம் கால்பேக், அதாவது பட்டனை அழுத்தியதும் டூல்கிட் திரும்ப அழைக்கும் உங்கள் ஃபங்ஷன். பட்டனுக்குக் கொடுத்த குளோஷரின் (சுற்றியுள்ள மாறிகளையும் பிடித்துவைத்திருக்கும் ஃபங்ஷனின்) முகவரி சி பக்கம் மட்டுமே இருந்தால், பயன்படாத நினைவகத்தைத் துடைக்கும் உங்கள் கார்பேஜ் கலெக்டர் அதை அனாதை என்று நினைத்துத் துடைத்துவிடும். இருபது முறை அழுத்தும்வரை ஓடும், அடுத்த அழுத்தில் கிராஷ் ஆகும். குளோஷர்களை ஒரு அட்டவணையில் எண் கொடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சி பக்கம் அந்த எண் மட்டும் போகட்டும். பட்டன் போன்ற விட்ஜெட் அழியும்போது வரும் அறிவிப்பில் பதிவை நீக்குங்கள். சோதனையில் ஒவ்வொரு கால்பேக் முடிந்ததும் கார்பேஜ் கலெக்‌ஷனை வலுக்கட்டாயமாக ஓட விடுங்கள். ஒளிந்திருக்கும் பிழை உடனே வெளியே வரும். இன்னொன்று: கால்பேக்குக்குள் பிழையால் எழும் எக்செப்ஷன் சி அடுக்குகளைத் தாண்டி ஓடக்கூடாது. எல்லையிலேயே பிடித்து, பிழைச் செய்தியைக் காட்டிவிட்டுத் திரும்புங்கள்.

மேக்கில் விண்டோ வேலைகள், ஆப் தொடங்கும் முதல் செயலோட்டமான மெயின் த்ரெட்டில்தான் நடக்க வேண்டும். மொழியின் ஷெட்யூலர் டாஸ்க்குகளை த்ரெட் விட்டு த்ரெட் மாற்றும் வகை என்றால், அழுத்தல், தட்டல்களுக்குக் காத்திருந்து கவனிக்கும் ஈவன்ட் லூப்பை மெயின் த்ரெட்டிலேயே கட்டிப்போட ஒரு வழி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிசெகண்ட். அதைத் தாண்டினால் திரை திக்கும். கோப்பு படிப்பது, நெட்வொர்க் எல்லாம் வேறு த்ரெட்டுக்குப் போகட்டும், விடை மட்டும் க்யூ வழியாக மெயின் த்ரெட்டுக்கு வரட்டும்.

ஜெனரேட்டர் தந்ததை அப்படியே மக்களிடம் நீட்டாதீர்கள். அதன்மேல் கையால் எழுதிய மெல்லிய அடுக்கு ஒன்று வேண்டும். மேக்ரோ (நிரலையே எழுதித் தரும் வசதி) உள்ள மொழி என்றால் விண்டோவின் அமைப்பை உள்தள்ளலிலேயே காட்டலாம். மொழியின் அழகு தெரிய வேண்டிய இடம் இதுதான்.

ஆப்பை மற்றவர் கணினியில் ஓடும்படி கட்டித் தரும் பேக்கேஜிங்கைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். விண்டோஸில் கன்சோல் வகையாக லிங்க் செய்தால் ஆப்புக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டியும் திறக்கும். டிஎல்எல்களை (லைப்ரரி கோப்புகளை) மட்டும் சேர்த்து, ஜிடிகேயின் அமைப்புகளை விவரிக்கும் தொகுத்த ஸ்கீமா கோப்பை விட்டுவிட்டால், ஆப் நன்றாகத்தான் திறக்கும். ‘கோப்பைத் திற’ அழுத்தியதும் செத்துவிடும். எதுவும் நிறுவாத வர்ச்சுவல் மெஷினில் அந்த டயலாக்கையும் திறந்து பாருங்கள்.

எடுத்துக்காட்டுகளுக்கு 7ஜியூஐஸ் என்ற ஏழு பயிற்சிகளை உங்கள் மொழியில் எழுதி வையுங்கள். கவுன்ட்டரில் தொடங்கி ஸ்ப்ரெட்ஷீட் வரை போகும். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் லினக்ஸில் எக்ஸ்விஎஃப்பி என்ற மெய்நிகர் திரையில் ஏழையும் தானாக ஓட்டுங்கள். ஒன்று திறக்காவிட்டாலும் வெளியீட்டை நிறுத்துங்கள்.