சிலியை வடக்கிலிருந்து தெற்குவரை கடக்க

அரிக்காவில் தொடங்கி புந்தா அரேனாஸ் வரை போக டிசம்பர் முதல் மார்ச் வரை நல்ல காலம்.

வடக்கே அட்டகாமா பாலைவனத்தில் அவசரம் வேண்டாம். அங்குள்ள சான் பெத்ரோ ஊர் சுமார் 2,400 மீட்டர் உயரம், எல் தாத்தியோ வெந்நீர் ஊற்றுகள் 4,300. இரண்டு இரவு தங்கி உடல் பழகியபின் ஏறுங்கள். இல்லாவிட்டால் தலைவலி, வாந்தி படுத்தலாம்.

புவெர்த்தோ மோன்ட் வரை பேருந்தே போதும். அதற்குத் தெற்கே காரில் 7-ஆம் எண் சாலை, சுமார் 1,240 கி.மீ.; பல இடங்களில் வெறும் சரளை. உதிரி டயர் கட்டாயம். டேங்க் பாதியானதுமே நிரப்புங்கள். வழியில் வண்டியோடு கடலைக் கடக்கும் ஓர்னோபிரேன் படகுக்கு முன்பதிவு செய்யாவிட்டால் கரையிலேயே காத்துக்கிடக்க வேண்டும்.

வில்லா ஓ'இகின்ஸ் ஊரோடு சாலை முடிகிறது. பனிப்பாறைகளும் கடற்கால்வாய்களும் மறிப்பதால் அதற்குத் தெற்கே சிலிக்குள் தொடர்ச்சியான தரைவழி இல்லை: கப்பல், அல்லது அர்ஜென்டினா வழியே சுற்று. வாடகைக் காரென்றால் எல்லை தாண்டும் அனுமதியை முன்னரே வாங்குங்கள். திரும்பி சிலிக்குள் நுழையும்போது பழம், இறைச்சியை அறிவிக்காமல் வைத்திருந்தால் அபராதம்.