ஈம் கிராமத்துக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் டார்பிஷயரில், பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் இருக்கிறது ஈம். 1665 செப்டம்பரில், லண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு பிளேக் இந்த ஊருக்குள் நுழைந்தது என்பார்கள். தையல் வேலைக்கு வந்திருந்த ஜார்ஜ் விக்கர்ஸ்தான் முதல் பலி. 14 மாதங்களில் 260 பேர் இறந்ததாக ஊர்க் கணக்கு சொல்கிறது. நோய் அக்கம்பக்கத்துக்குப் பரவிவிடக் கூடாதென்று ஊரார் தங்கள் எல்லைக்குள்ளேயே அடைந்து கிடந்தார்கள். அந்த இடங்களைப் பார்க்க வருகிற பலர் பாதியைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

காரணம், தேவாலயத்தை ஒட்டியுள்ள ‘பிளேக் வீடுகள்’ முன்பு படம் எடுத்ததும் ஊர் முடிந்துவிட்டதாக நினைப்பதுதான். அந்த வீடுகளின் முகப்பில், அங்கே இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் இருக்கின்றன. நின்று படியுங்கள். ஆனால் உள்ளே இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதும் தோட்டத்துக்குள் கால் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

இந்த ஊரின் கதை பெரும்பகுதி ஊருக்கு வெளியே கிடக்கிறது. நோய்க் காலத்தில் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்வதை நிறுத்திவிட்டு, அவரவர் வீட்டுப் பிணத்தை அவரவரே தங்கள் நிலத்தில் புதைப்பது என்று முடிவானது. கிழக்கே மேட்டில் இருக்கும் ரைலி கல்லறைகளுக்கு நடந்து போனால் அதன் பொருள் புரியும். 1666 ஆகஸ்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண் தன் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் எட்டே நாளில் தன் கையாலேயே அங்கே புதைத்தார். வயல் நடுவே வட்டமான சுவர், அதற்குள் சில கற்கள், அவ்வளவுதான். ஈமில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கேதான் போகச் சொல்வேன்.

ஸ்டோனி மிடில்டன் பக்கம் இறங்கும் வயல் பாதையில் எல்லைக்கல் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் உணவுக்கும் மருந்துக்குமான காசை, காசோடு நோய் பரவாமலிருக்க, அந்தக் கல்லின் குழிகளில் வினிகர் ஊற்றி அதில் போட்டு வைத்தார்கள். மழை பெய்தால் பாதை சேறாகிவிடும். நல்ல பிடிமானமுள்ள காலணி இல்லாமல் இறங்காதீர்கள்.

கதையைச் சொல்வதிலும் ஒரு தவறு நடக்கிறது. எல்லாப் பெருமையையும் பாதிரியார் வில்லியம் மாம்பசன் ஒருவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். அவர் ஊருக்குப் புதியவர், இளைஞர். மக்கள் நம்பியது, மதச் சட்டத்துக்கு இணங்காததால் பதவியிழந்த முந்தைய பாதிரியார் தாமஸ் ஸ்டான்லியை. இருவரும் சேர்ந்து நின்றதால்தான் ஊர் கேட்டது. எல்லாரும் மனமுவந்து தங்கினார்கள் என்பதும் சரியில்லை. சிலர் முன்பே வெளியேறிவிட்டார்கள். மாம்பசனும் தன் பிள்ளைகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டார். உடன் தங்கிய அவர் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார். அவர் கல்லறை தேவாலய வளாகத்தில், பிளேக்குக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய சாக்சன் கற்சிலுவைக்கு அருகில் இருக்கிறது. பயந்தவர்களும் இருந்த ஊர் இது. அதனால்தான் தங்கியவர்கள் மீது எனக்கு மதிப்பு கூடுகிறது.

அருங்காட்சியகம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். திறந்திருக்கும் நாளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காரைக் குறுகிய தெருக்களில் நிறுத்தாமல், அருங்காட்சியகத்துக்கு எதிரே உள்ள நிறுத்துமிடத்தில் விடுங்கள். ரயிலில் வந்தால் கிரிண்டில்ஃபோர்டில் இறங்கி, அங்கிருந்து மலையேற்றமாகச் சில மைல் நடக்க வேண்டும்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிளேக் நினைவு வழிபாடு நடக்கும். தொற்றுக்குப் பயந்து தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, பிளேக் காலத்தில் மக்கள் தள்ளித் தள்ளி நின்று தொழுத குக்லெட் டெல்ஃப் பள்ளத்தாக்கில்தான் இதையும் வழக்கமாக நடத்துகிறார்கள். அந்த வாரம் ஊரின் நீரூற்றுகளைப் பூவிதழ்ப் படங்களால் அலங்கரிப்பார்கள். கூட்டம் அதிகம் என்று அந்த நாளைத் தவிர்க்காதீர்கள். காலையிலேயே வந்து ரைலி கல்லறைகளைப் பார்த்துவிட்டு, பிற்பகலில் வழிபாட்டுக்குப் போகலாம்.