வெப்கேம் பின்னணியை நீக்குவது எப்படி? ஓபிஎஸ் ஸ்டூடியோவில் படிப்படியாக

நேரலையில் நீங்கள் மட்டும் தெரிய வேண்டும், பின்னால் இருக்கும் அறை மறைய வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. பச்சைத் துணியைக் கட்டி அந்த நிறத்தை மட்டும் நீக்குவது ஒன்று. துணியே இல்லாமல், ஆள் எது அறை எது என்று செயற்கை நுண்ணறிவையே பிரிக்கவிடுவது இன்னொன்று. இரண்டையும் இலவச மென்பொருளான ஓபிஎஸ் ஸ்டூடியோவில் செய்யலாம். இடம் இருந்தால் நான் துணியைத்தான் சொல்வேன். கையில் ஒரு பொருளை எடுத்துக் காட்டினாலும் அது பாதி மறையாமல் முழுதாகத் தெரியும்.

முதல் வேலை வெளிச்சம்

மென்பொருளைத் திறக்கும் முன் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். முழுத் துணியிலும் வெளிச்சம் ஒரே சீராக விழ வேண்டும். நிழல் விழுந்த இடம் கேமராவுக்கு வேறொரு பச்சை. துணியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி உட்காருங்கள்; நெருங்கி உட்கார்ந்தால் உங்கள் நிழல் அதில் விழும், துணியின் பச்சை உங்கள் தோளில் அடிக்கும். பச்சைச் சட்டை கூடவே கூடாது. பெரும்பாலான கேமரா சென்சார்களில் சிவப்பு, நீலத்தைவிடப் பச்சைக்கான புள்ளிகள் இரு மடங்கு என்பதால்தான் பச்சைத் துணிக்கு இந்த மவுசு. பச்சைச் சட்டையை விட மனமில்லையா, நீலத் துணி கட்டுங்கள்.

கேமராவைச் சேர்த்தல்

ஓபிஎஸ்ஸில் கேமரா, படம் போன்ற ஒவ்வொன்றும் ஒரு 'சோர்ஸ்'. 'சோர்சஸ்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' தேர்ந்தெடுங்கள். அப்புறம் பின்னணிக்கான படத்தை 'இமேஜ்' என்று சேர்த்து, பட்டியலில் கேமராவுக்குக் கீழே இழுத்து விடுங்கள். பட்டியலில் மேலே இருப்பதுதான் திரையில் முன்னால் தெரியும்.

அடுத்தது பலரும் தாண்டிப்போகும் படி. விண்டோஸில் கேமரா சோர்ஸை இருமுறை சொடுக்கி, 'கன்ஃபிகர் வீடியோ'வில் எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்வது) இரண்டின் 'ஆட்டோ'வையும் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் அசையும்போதெல்லாம் கேமரா நிறத்தை மாற்றும். பாடுபட்டு அமைத்த அளவுகள் கெட்டுப்போகும்.

குரோமா கீ

கேமரா சோர்ஸை வலது சொடுக்கி 'ஃபில்டர்ஸ்' திறங்கள். 'எஃபெக்ட் ஃபில்டர்ஸ்' பகுதியின் கூட்டல் குறியில் 'குரோமா கீ' இருக்கும்; ஒரு நிறத்தை மட்டும் நீக்கும் ஃபில்டர் இது. நிறம் 'கிரீன்'. அந்த நிறத்துக்கு எவ்வளவு நெருக்கமானவை வரை நீக்க வேண்டும் என்பதைச் சொல்லும் 'சிமிலாரிட்டி' 400இல் தொடங்கும். அதை நன்றாகக் குறைத்துவிட்டு, பச்சை முழுதாக மறையும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். மறைந்த உடனே நிறுத்திவிட வேண்டும். மேலே போனால் முகத்திலும் சட்டையிலும் ஓட்டை விழும். ஓரம் கரடுமுரடாக இருந்தால் 'ஸ்மூத்னஸ்', முடியோரம் பச்சை ஒட்டியிருந்தால் 'ஸ்பில் ரிடக்ஷன்' அளவை மாற்றிப் பாருங்கள்.

இதைச் செய்யும்போது பின்னணிப் படத்துக்குப் பதில் பளிச்சென்ற ஒரே நிறத்தில் ஒரு 'கலர் சோர்ஸ்' வைத்துப் பாருங்கள். கறுப்புப் பின்னணியில் குறைகள் ஒளிந்துகொள்ளும். வெப்கேம்கள் பொதுவாக நிறத் தகவலைச் சுருக்கியே அனுப்புவதால் ஓரம் கத்தரித்ததுபோல் வராது. அதோடு மல்லுக்கட்டாமல் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

துணி கேமராவின் பார்வை முழுவதையும் மறைக்கவில்லையா? ஆல்ட் விசையை அழுத்தியபடி சோர்ஸின் ஓரத்தை உள்ளே இழுத்தால் அந்தப் பகுதி வெட்டுப்படும்.

துணி இல்லாதவர்களுக்கு

'பேக்கிரவுண்ட் ரிமூவல்' என்ற இலவச பிளகினை (ஓபிஎஸ்ஸோடு சேரும் துணை மென்பொருள்) நிறுவி ஓபிஎஸ்ஸை மறுபடி திறந்தால், அது அதே ஃபில்டர் பட்டியலில் வந்து நிற்கும். சேர்த்த உடனே வேலை செய்யும். ஆனால் கணினிக்குச் சுமை. நாற்காலியின் முதுகும் விரல் நுனியும் வந்து வந்து போகும். படம் திக்கினால் பிளகினின் அமைப்புகளில் ஆளைப் பிரிக்கும் வேறு செயற்கை நுண்ணறிவு மாடலுக்கு மாறிப் பாருங்கள்.

எந்த வழியானாலும், நேரலைக்கு முன் ஒரு நிமிடம் கையை வீசிப் பேசி ரெக்கார்ட் செய்து பாருங்கள். அசையாமல் உட்கார்ந்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.