பழைய ஸ்னோமொபைலின் ஆயில் பம்ப்: சரிபார்க்கும்போது நேரும் தவறுகள்

கனடாவில் குளிர்காலம் நெருங்கும்போது பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலில் பழைய டூ-ஸ்ட்ரோக் வகையை (பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரியும் எஞ்சின்) வாங்குவோர் டிராக்கையும் பெல்ட்டையும் உற்றுப் பார்க்கிறார்கள்; ஆயில் பம்ப்பை மட்டும் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பி விட்டுவிடுகிறார்கள். கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வேண்டிய எண்ணெய் அந்தச் சிறிய பம்ப் வழியாகவே வருகிறது. அது நின்றுபோனால், பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப்போக அதிக நேரம் ஆகாது.

டேங்கில் எண்ணெய் இருப்பதால் பம்ப்பும் வேலை செய்கிறது என்று எண்ணுவதே பெரிய தவறு. சிலர் பம்ப்பைக் கழற்றி, அந்த இடத்தைத் தகட்டால் அடைத்துவிட்டு, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஓட்டுவார்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் டேங்க் நிறைய எண்ணெய் இருந்தது. ஆனால் அதன் அடியிலிருந்து வந்த குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகி கிளாம்ப் போட்டிருந்தார்கள். வாங்கியவரோ வெறும் பெட்ரோலை ஊற்றத் தயாராக நின்றார். ஆகவே டேங்க்கில் தொடங்கி எஞ்சின் வரை குழாயை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பழுத்து மஞ்சளாகி விறைத்த குழாய் குளிரில் வெடித்துவிடும். அதை மாற்றத் தயங்க வேண்டாம்.

கேபிளால் இயங்கும் பம்ப்பில், பம்ப்பின் லீவரிலும் உடலிலும் உள்ள குறிகளைக் கண்டவுடன் கேபிளைத் திருகத் தொடங்குவது அடுத்த தவறு. பம்ப்பின் கேபிள் திராட்டிலோடு (வேகத்தைக் கூட்டும் விசை) சேர்ந்தே நகர்வதால், கார்புரேட்டர்களைச் சமன்செய்து, ஐடில் வேகத்தையும் (திராட்டிலை அழுத்தாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) திராட்டில் கேபிளின் தளர்ச்சியையும் சரிசெய்த பிறகே பம்ப்புக்கு வர வேண்டும்; முறை மாறினால், பின்னர் திராட்டிலில் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் பம்ப்பின் அளவைக் கலைத்துவிடும். குறிகள் எப்போது நேர்கோட்டில் வர வேண்டும் என்பதும் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல: சிலவற்றில் திராட்டிலின் தளர்ச்சி நீங்கும் நொடியில், வேறு சிலவற்றில் திராட்டிலை முழுவதும் அழுத்தியிருக்கும்போது. உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் உரிய சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் இதில் கைவைப்பது சூதாட்டம். ‘கொஞ்சம் கூடுதலாக எண்ணெய் போனால் நல்லதுதானே’ என்று லீவரை முன்தள்ளி வைப்பதும் சரியல்ல. ஸ்பார்க் பிளக் நனைந்து அணையும், புகைபோக்கியில் கரி படியும்.

குழாயையோ ஃபில்டரையோ மாற்றியபின் காற்றை வெளியேற்றாமல் ஓட்டுவது எஞ்சினையே பலிகொடுப்பதாகும். பம்ப்பிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும் வரை பொறுத்திருந்து இறுக்குங்கள். அதோடு வேலை முடியவில்லை. பம்ப்பிலிருந்து எஞ்சினுக்குப் போகும் மெல்லிய குழாய்களிலும் காற்று நிற்கும். வண்டியைத் திறந்தவெளியில் ஐடிலில் ஓடவிட்டு, பம்ப் லீவரை மட்டும் கையால் முழுவதும் திறந்து பிடித்தால், கடுகளவு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எஞ்சினை நோக்கி நகர்வது கண்ணாடிபோன்ற குழாயில் தெளிவாகத் தெரியும். ஒரு குழாயில் ஓட்டம் தெரிந்ததும் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பல எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய் உண்டு; ஒன்றின் வால்வு அடைத்திருந்தால் அந்தச் சிலிண்டர் மட்டும் வறண்டு கெடும்.

இந்த வேலை நடக்கும்போது பெட்ரோல் டேங்கில் 50-க்கு 1 என்ற கலவை இருக்க வேண்டும், அதாவது 20 லிட்டருக்கு 400 மில்லி எண்ணெய். ஆயில் டேங்கிலோ, கடுங்குளிரிலும் இளகி ஓடும் ஸ்னோமொபைல் எண்ணெயைத் தவிர வேறொன்றையும் ஊற்றக் கூடாது. காருக்கான எஞ்சின் ஆயில் இதற்கு ஆகாது. ஆயில் டேங்கில் எண்ணெய் நிற்கும் மட்டத்தில் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, கலவை தீரும்வரை ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் அந்த டேப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் மட்டுமே வெறும் பெட்ரோலுக்கு மாறலாம்; இறங்காத நிலையில் பம்ப்பைத் திரும்பவும் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.