வியர்வை லோஷன் போடுகிறீர்களா? முதலில் ஃபேனைப் போடுங்கள்

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து பன்னிரண்டு வருடம் நான் சாம்பல் நிறச் சட்டை போட்டதில்லை. வெள்ளை, கறுப்பு, இல்லையென்றால் நெருக்கமாகக் கட்டம் போட்டது. இவற்றில்தான் அக்குள் ஈரம் அவ்வளவாகத் தெரியாது. வியர்வை அதிகம் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் முதுகைப் பிடித்து நிற்பது, பரீட்சைத் தாளுக்கும் கைக்கும் நடுவே கர்ச்சீப் வைத்து எழுதுவது, ரேஷன் கடையில் கைரேகை விழாமல் விரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்து வைக்கும்போது பின்னால் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுவது, எல்லாம் பழகிப் போயிருக்கும்.

கடைசியில் ஒரு ஸ்கின் டாக்டர் 20 சதவீத அலுமினியம் குளோரைடு லோஷன் எழுதிக் கொடுத்தார். "ராத்திரி போடுங்க" என்றார், அவ்வளவுதான். நானும் ராத்திரி குளித்து, ஷேவ் செய்து, சுத்தமாக வந்து, ஈரம் போகாத அக்குளில் தாராளமாகத் தடவினேன். ஐந்து நிமிடத்தில் மிளகாய்த்தூளைத் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. மறுநாள் கையைத் தூக்க முடியவில்லை. பாட்டில் பீரோ மேல் எட்டு மாதம் கிடந்தது. அப்புறம் வேறொரு டாக்டர் உட்கார வைத்து விளக்கியபோதுதான் தெரிந்தது, மருந்தில் கோளாறு இல்லை, நான் போட்ட விதத்தில்தான் கோளாறு. இந்த லோஷனை "எரியுது, வேலைக்கு ஆகல" என்று தூக்கிப் போட்டவர்களில் நிறையப் பேர் என் கதைதான் என்று நினைக்கிறேன்.

லோஷனுக்குப் போகும் முன் ஒன்று பார்க்க வேண்டும். சின்ன வயதிலோ பதின்வயதிலோ ஆரம்பித்து, இரண்டு அக்குளிலும் அல்லது இரண்டு கையிலும் ஒரே மாதிரி வியர்த்து, தூங்கும்போது நின்றுவிடுகிறது, வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ இதே மாதிரி உண்டு என்றால் அது பெரும்பாலும் உடம்பின் வாகு. திடீரென்று நடுவயதில் ஆரம்பித்தாலோ, உடம்பு முழுக்க வியர்த்தாலோ, ஒரு பக்கம் மட்டும் வியர்த்தாலோ கதை வேறு. தைராய்டு, சர்க்கரை இறங்குவது, மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வுக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ராத்திரி தலையணை நனைகிற அளவு வியர்த்து, கூடவே எடை குறைகிறது, இருமல் விடவில்லை என்றால் லோஷனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள். அதனால்தான் இதை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காமல் டாக்டர் சீட்டோடு வாங்கச் சொல்கிறேன்.

சரி, இது என்ன செய்கிறது? டியோடரன்ட் நாற்றத்தை மறைக்கும், வியர்வையை நிறுத்தாது. இந்த லோஷனில் இருக்கும் அலுமினிய உப்பு வியர்வைக் குழாயின் வாய்க்குள் இறங்கி, அங்கே ஒரு சின்ன அடைப்பாகப் படிகிறது. சுரப்பி அப்படியே இருக்கும், வாசல் மட்டும் மூடும். தோல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது அந்த அடைப்பும் உதிர்ந்துவிடும். எனவே திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. முடிதிருத்தும் கடையில் ஷேவ் முடிந்ததும் தேய்க்கிறார்களே படிகாரம், அதிலும் இருப்பது அலுமினிய உப்புதான். அதற்காகப் படிகாரத்தை இடித்து இதற்குப் பதிலாகப் பூசக் கிளம்பாதீர்கள்.

அந்த அடைப்பு உட்கார வேண்டுமானால் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. பகலில் போட்டால் வியர்வை மருந்தை வெளியே தள்ளிவிடும். தூங்கும்போது சுரப்பி ஓய்வெடுக்கிறது, ஆகவே ராத்திரி. ஈரத்தோடு சேர்ந்தால் இந்த அலுமினியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும், என் அக்குளில் அன்று மிளகாயாக எரிந்தது அதுதான். அதனால் இந்த மருந்தில் முக்கால்வாசி வேலை தோலைக் காய வைப்பதுதான், தடவுவது ஒரு நிமிட வேலை.

சென்னை மாதிரி ஊரில் ராத்திரி பத்து மணிக்குக் காய்ந்த தோல் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன். படுக்கும் முன் குளிப்பதில்லை, சாயங்காலமே முடித்துவிடுவேன். படுக்கப் போகும்போது காய்ந்த காட்டன் துண்டால் ஒத்தி எடுப்பேன், தேய்க்கக் கூடாது. பிறகு சட்டையில்லாமல் டேபிள் ஃபேன் முன்னால் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம். பார்க்க வேடிக்கையாக இருக்கும், பரவாயில்லை. ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்றில் வையுங்கள், சூடு வேண்டாம், சூடு பட்டால் மறுபடி வியர்க்கும். விரலை வைத்துப் பார்த்தால் வழுக்க வேண்டும், ஒட்டினால் இன்னும் காயவில்லை. அப்புறம் மெல்லிய பூச்சு, முடி இருக்கும் பகுதி முழுக்க ஒரு தடவை, அதற்கு மேல் வேண்டாம். அதிகம் போட்டால் அதிகம் வேலை செய்யாது, அதிகம் எரியும், அவ்வளவுதான். அது காய்ந்த பிறகு பழைய பனியன் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், நல்ல துணியில் பட்டால் கறை விழும், துணி இற்றும் போகலாம். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் கழித்துக் காலையில் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். கழுவினால் மருந்து போய்விடுமே என்று பயப்பட வேண்டாம், உள்ளே உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். தோலின் மேல் மிஞ்சியது பகல் வியர்வையோடு சேர்ந்து அரிக்கும், அதைத்தான் கழுவுகிறோம். கழுவிய பிறகு டியோடரன்ட் போட்டுக்கொள்ளலாம், ராத்திரி லோஷனோடு சேர்த்து வேண்டாம்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை, வியர்வை அடங்கும்வரை தினமும் ராத்திரி போடுவதுதான் வழக்கம். சிலருக்கு நாலைந்து நாளில் தெரியும், சிலருக்கு இரண்டு வாரம் ஆகும். அடங்கியதும் இடைவெளி விட்டு, வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ராத்திரி என்று கொண்டு வரலாம். எனக்கு இப்போது ஞாயிறு ராத்திரி மட்டும், சித்திரை வைகாசியில் வியாழனும் சேரும்.

ஷேவ் செய்த அன்றும் மறுநாளும் லோஷனைத் தொடாதீர்கள். வேக்ஸிங், முடி நீக்கும் க்ரீம் எல்லாவற்றுக்கும் இதேதான். குறைந்தது ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் இடைவெளி. வெட்டுக்காயம், சிரங்கு, படை உள்ள இடத்திலும் போடக் கூடாது. லேசான குறுகுறுப்பு, கொஞ்சம் அரிப்பு வருவது சகஜம். தூங்க முடியாத அளவு எரிந்தால் வீரம் காட்டாமல் எழுந்து தண்ணீரில் கழுவிவிடுங்கள், இரண்டு மூன்று நாள் விடுங்கள், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுப் பாருங்கள். தோல் சிவந்து கிடந்தால் டாக்டர் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீம் சில நாளுக்குத் தரலாம். கடையில் "அரிப்புக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால் வீரியமான ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதை அக்குளில் போட்டுப் போட்டுத் தோல் மெலிந்து, படர்தாமரையும் அடங்காமல் ஊர் முழுக்க எத்தனை பேர் அலைகிறார்கள். அது வேண்டாம்.

நெருப்பு விஷயம் யாரும் சொல்வதில்லை. இந்த லோஷன்களில் பல ஆல்கஹாலில் கரைத்தவை, எளிதில் தீப்பற்றும். படுக்கும் நேரத்தில் நம் வீடுகளில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும், சாமி விளக்கு எரியும், கரன்ட் போனால் மெழுகுவர்த்தி. பூசி முழுதாகக் காயும்வரை இவற்றின் பக்கம் போகாதீர்கள், சிகரெட்டும் பற்ற வைக்காதீர்கள். மோதிரம், வளையல், வாட்ச் கழற்றி வையுங்கள், உலோகத்தைக் கெடுக்கும். மூடியை இறுக்கி வையுங்கள், இல்லையென்றால் ஆல்கஹால் பறந்து பாட்டில் வாயில் கற்கண்டு மாதிரி உப்புப் படியும்.

உள்ளங்கை, உள்ளங்காலுக்கு முறை இதேதான், ஆனால் பொறுமை இன்னும் வேண்டும். அங்கே தோல் தடிமன், 20 சதவீதம் போதாமல் டாக்டர் இன்னும் வீரியமானதை எழுதலாம். மேலே பிளாஸ்டிக் சுற்றுவது, கையுறை போடுவது எல்லாம் டாக்டர் சொன்னால் மட்டும், சுற்றினால் மருந்து ஆழமாக இறங்கும், எரிச்சலும் கூடும். கையில் பூசியிருக்கும்போது கண்ணைக் கசக்காதீர்கள், லென்ஸ் எடுக்க வேண்டுமானால் பூசுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வகை மருந்தும் இருக்கிறது, அது அடைப்பு வைப்பதில்லை, நரம்பு சுரப்பிக்குச் சொல்லும் "வியர்த்து விடு" என்ற செய்தியை மறிக்கிறது. கிளைகோபைரோனியம் தோய்த்த துடைப்புத் துணியை அமெரிக்காவில் 2018-இல் அக்குளுக்கு அனுமதித்தார்கள், ஒன்பது வயதிலிருந்து பயன்படுத்தலாம். சோஃபிரோனியம் ஜெல் ஜப்பானில் 2020-இலும் அமெரிக்காவில் 2024-இலும் வந்தது. இவற்றில் முதல் பாடம் கை கழுவுவது. ஒரு துணி, இரண்டு அக்குளுக்கும் ஒரு தடவை துடைத்து, குப்பையில் போட்டு, நேராக வாஷ்பேசினுக்குப் போக வேண்டும். மறந்து கண்ணைத் தொட்டால் அந்தக் கண்ணின் பாப்பா மட்டும் விரிந்து பார்வை மங்கும், ஒரு கண் பெரிதும் ஒரு கண் சின்னதுமாகக் கண்ணாடியில் பார்த்தால் பக்கவாதமோ என்று வீடே கலங்கிப் போகும். வாய் உலரலாம், சிறுநீர் சரியாகப் போகாமல் இருக்கலாம். கண் அழுத்த நோய், தசைகள் பலவீனமாகும் மையஸ்தீனியா கிரேவிஸ் நோய், ப்ராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வெளியே வேலை செய்பவர்கள் இன்னும் கவனம். வியர்வைதான் உடம்பின் ஏர்கண்டிஷனர், இந்த மருந்து கொஞ்சம் உள்ளே போனாலும் மற்ற இடங்களில் வியர்வை குறைந்து உடம்பு சூடேறலாம். வெயிலில் தலை சுற்றி, உடம்பு கொதித்து, வியர்வையே இல்லை என்றால் உடனே நிழல், தண்ணீர், ஆஸ்பத்திரி.

அலுமினியம் என்றதும் புற்றுநோய் வரும், மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தோல் வழியாக உள்ளே போவது மிகக் கொஞ்சம், அந்த நோய்களுக்கு இது காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் சிறுநீரகம் நன்றாகவே பழுதானவர்களுக்கு உடம்பில் சேரும் அலுமினியம் சரியாக வெளியேறாது, டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேட்டுவிட்டே போடுங்கள். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போகும் நாளில் அக்குளில் எதுவும் இருக்கக் கூடாது, அலுமினியத் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழுந்து தேவையில்லாத பீதியைக் கிளப்பும்.

ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் மாற்றம் இல்லை என்றால் நீங்களே அளவைக் கூட்டாதீர்கள், திரும்பப் போய்ச் சொல்லுங்கள். கை கால்களைத் தண்ணீரில் வைத்து மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் அயன்டோஃபோரெசிஸ் இருக்கிறது, பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அக்குளுக்குப் போட்டாக்ஸ் ஊசி இருக்கிறது, மாதக்கணக்கில் நிற்கும், பணம் அதிகம். நெஞ்சுக்குள் நரம்பைத் துண்டிக்கும் ஆபரேஷனும் உண்டு. அதில் கை காய்ந்துவிடும், ஆனால் முதுகும் வயிறும் தொடையும் அதற்குச் சேர்த்து வியர்க்கத் தொடங்குவது நிறையப் பேருக்கு நடக்கிறது, அதைத் திரும்பச் சரிசெய்வது கஷ்டம். எனவே யாராவது முதல் நாளே அந்த ஆபரேஷனைப் பற்றிப் பேசினால், ஃபேன் முன்னால் பத்து நிமிடம் நின்று லோஷனை ஒழுங்காகப் போட்டுப் பார்த்தேனா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.