டிவிக்காக கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

கணினியை 4கே டிவியில் இணைத்துப் படம் பார்க்க மட்டும்தான் என்றால், கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கணினியின் பின்பக்கம் டிஸ்ப்ளேபோர்ட் (ஹெச்டிஎம்ஐ போலவே திரையை இணைக்கும் இன்னொரு வகை துளை) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதை ஹெச்டிஎம்ஐ 2.0 ஆக மாற்றும் ‘ஆக்டிவ்’ அடாப்டர் (சிக்னலை மாற்றும் சிப் உள்ளே இருப்பது) ஒன்றே பெரும்பாலும் போதும்.

பல பழைய மதர்போர்டுகளில் இருப்பது ஹெச்டிஎம்ஐ 1.4. அதில் 4கே திரை நொடிக்கு 30 தடவைதான் புதுப்பிக்கப்படும். மவுஸை நகர்த்தினாலே இழுவை தெரியும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வழியாகப் போனால் 60 கிடைக்கும். படத்தை ஓட்டும் வேலையை, இன்டெல் 7ஆம் தலைமுறை முதல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸே பார்த்துக்கொள்ளும். 4கே படங்களில் அதிகம் வரும் 10 பிட் ஹெச்இவிசி வகை வீடியோகூடத் திணறாது. அடாப்டரின் அட்டைப்பெட்டியில் ‘4கே 60 ஹெர்ட்ஸ்’ (ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு எத்தனை தடவை என்பது) என்று இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். அந்தச் சிப் இல்லாத மலிவான ‘பாசிவ்’ வகையை வாங்கினால் மறுபடி 30தான், காசு வீண்.

கேம் ஆடுபவர்களுக்கு இது உதவாது. ஐ5-12400எஃப் போல, பெயர் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் கிராபிக்ஸே கிடையாது, கார்டு வாங்கித்தான் ஆகவேண்டும். 4கேயில் 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை மாதிரி ஹெச்டிஎம்ஐ 2.1 உள்ள கார்டு பாருங்கள். அப்புறம், உங்கள் டிவி வெறும் முழு ஹெச்டி என்றால் அடாப்டர்கூட வேண்டாம், இருக்கிற ஹெச்டிஎம்ஐ தாராளம்.